பெட்டிக்குள்ளே ஒரு சரித்திரம்

வரலாறு என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று பானிபட் போர்கள்தான். 1526, 1556, 1761 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் தாத்தாவுடைய தாத்தா பெயர் என்ன என்று கேட்டால், "வீட்டுல பெரியவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்போம். நண்பர்களே, பேரன் பேத்தி எடுத்துவிட்ட நாம்தான் இப்போது அந்தப் பெரியவர்கள்! ஆகவே குடும்பக் காகிதங்களைக் காப்பாற்றி அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பது பற்றி, வரலாறு படித்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

மூன்றாம் பானிபட் போர் நடந்த அதே 1761 ஜனவரியில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். டூப்ளேயின் துபாஷாக இருந்த அவர் 1736 முதல் எழுதி வந்த நாட்குறிப்பு, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்பச் சொத்தாகவே கிடந்தது. 1846-ல் அதைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பார்த்துப் பிரதி எடுக்க ஏற்பாடு செய்த பிறகே வெளியுலகம் அறிந்தது. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி எழுதுகிறவர் எவரும் அதைத் தொடாமல் போக முடியாது.

எல்லா ஏட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. அவர் மனம் பட்ட பாட்டை 'என் சரித்திரம்' நூலில் காணலாம். நாம் தீயில் போடுவதில்லை. வீடு மாறும்போது பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா வேறு மாதிரி மனிதர். பழைய புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று பிறர் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சேலம் பக்கத்துக் கிராமம். 2014-ல் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. ரசீதுகள், ரங்கூன் கடிதங்கள் நாலைந்து, ஜாதகக் கட்டு, அடியில் மடித்த ஒரு கிரயப் பத்திரம். இவற்றைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாக்கி, தங்கை மகள் கல்யாணத்தில் உறவினருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். சித்தப்பாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. பத்திரத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "நிலம் வித்த கதையை எதுக்குடா அச்சுல போடறே? நல்ல காரியத்துக்குக் குடுக்கற புஸ்தகமாச்சே!"

காரணம் இருந்தது. கிணற்று மேட்டு நாலு ஏக்கர் புஞ்சை 'தாது வருஷத்தில்' கை மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். தாத்தாதான் சீட்டாடித் தோற்று விற்றார் என்று பங்காளி வீட்டார் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டிலும் அதை நம்பிவிட்டார்கள். தாத்தா 1938-லேயே போய்விட்டார். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. தாது என்றால் 1936 மட்டுமல்ல, 1876-ம் தாதுதான், 1996-ம் தாதுதான். பத்திரத்தில் ஆங்கிலத் தேதி இருந்த ஓரத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. ஆனால் முத்திரைக் காகிதத்தில் விக்டோரியா மகாராணியின் தலை தெளிவாக இருந்தது. அந்த அம்மையார் 1901-ல் காலமானவர். எனவே அது 1876-77, தாது வருஷப் பஞ்சம்! எங்கள் தாத்தா அப்போது பிறக்கவே இல்லை.

விற்றவர் தாத்தாவின் அப்பாயி. கணவரை இழந்தவர். மைனர் பிள்ளைகள் இருவரின் ஜீவனத்துக்காக விற்பதாக எழுதி, அடியில் பெயருக்குப் பக்கத்தில் 'கீறல்' வைத்திருக்கிறார். தொகை ௩௰௫ ரூபாய், அதாவது முப்பத்தைந்து. அந்தப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் பல லட்சம் பேர் மாண்டார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவருக்கு 1877-ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அந்தக் காலத்தில் நிலத்தைக் கொடுத்து அந்த அம்மாள் இரண்டு பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார். அதில் மூத்தவருடைய வம்சம்தான் நாங்கள்.

படித்துக் காட்டியபோது சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாவை ஊரே பேசிச்சேடா" என்றார். பத்திரம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வந்தது. முதல் பிரதி பங்காளி வீட்டுக்குப் போயிற்று.

இப்படி ஒரு வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

கிழிந்த காகிதத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளாவட்டத்தில் பசை பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. குண்டூசி, கிளிப்புகளை எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும். காகிதங்களை விரித்து, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் பூசாமல் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். போட்டோக்களின் பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள், பேனா மை ஊறும்.

புத்தகமாக்கும்போது இடப்பக்கம் மூலத்தின் படம், வலப்பக்கம் இன்றைய எழுத்தில் அதன் வாசகம், கீழே யார், யாருக்கு, எப்போது, எப்படி நம்மிடம் வந்தது என்று நாலு வரி போதும். பழைய தமிழ் எண்களையும் அணா, பைசாக் கணக்கையும் விளக்கி எழுதுங்கள். 1957-க்குப் பிறகு வந்த நயா பைசா தலைமுறைக்கு அவை புரியாது. மூலம் ஓரிடத்தில் இருக்கட்டும், பிரதி எல்லாக் கிளைக்கும் போகட்டும். கௌரவக் குறைவு என்று எந்தக் காகிதத்தையும் ஒளிக்காதீர்கள். யாருடைய பழியைத் துடைக்கும் காகிதம் அது என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

முக்கியமாக, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். காகிதம் இன்னும் நூறு வருஷம் இருக்கும். அதைப் படித்துச் சொல்பவர் இருக்க மாட்டார். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கொரு குடும்பப் புத்தகம் கொண்டு வருவோமா?