துப்பாக்கியும் துவிச்சக்கரமும்

'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது.' இஃது ஒரு விளம்பர வாசகம். விளம்பரம் செய்யப்பட்ட பொருளோ போர்க்கருவியன்று; துவிச்சக்கர வண்டி. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு கம்பெனி, 1890களில் இவ்வாசகத்தைத் தன் வண்டிகளுக்குச் சூட்டியது. பீரங்கி உருவத்தைத் தன் சின்னமாகவும் கொண்டது. பள்ளிப் பிள்ளையும் தபாற்காரரும் ஏறிச் செல்லும் எளிய வண்டிக்குத் துப்பாக்கியின் பெயரால் பெருமை தேடியது ஏன்? வாகனம் செய்யும் கம்பெனிகள் துப்பாக்கியைக் குறித்து என்ன நிலைப்பாடு கொண்டிருந்தன? அந்நிலைப்பாடு மாறியதுண்டா? மாறியதாயின், மாற்றியவர் யார்? தேயிலை மலைகளில் வாழும் நமக்கும் இக்கேள்விகள் உரியனவே.

நம் முன்னோர் விட்டு வந்த தமிழகத்துச் சிற்றூர்களில் கொல்லனின் உலைக்களம் ஒன்றே. ஏர்க்கொழுவும் அங்கேதான், அரிவாளும் அங்கேதான், மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையும் அங்கேதான். ஐரோப்பியப் பெருந்தொழிலிலும் ஆயுதமும் வாகனமும் ஒரே உலையில் பிறந்தன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊர்க்கொல்லன் ஊரார் கேட்டதைச் செய்தான். கம்பெனியோ இலாபம் கேட்டதைச் செய்தது.

1861ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் முதல்வர்கள் சிலர் ஒன்றுகூடிப் 'பர்மிங்காம் சிறு ஆயுதக் கம்பெனி'யை நிறுவினர். பி.எஸ்.ஏ. என்னும் மூன்றெழுத்தால் நம் நாட்டுச் சைக்கிள் கடைக்காரர்கள் வரை அறிந்த பெயர் அதுவே. துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பையும் இயந்திரத்தால் ஒரே அளவில் வார்த்துக் கடைந்து, ஒன்றின் உறுப்பு மற்றொன்றிலும் பொருந்துமாறு செய்வதே அவர்கள் மேற்கொண்ட புதிய முறை. இம்முறைக்குப் பெருமுதல் வேண்டும். பெருமுதல் இட்டபின் இயந்திரம் ஒரு நாளும் ஓய்ந்திருத்தல் ஆகாது. போர் உள்ள காலத்தில் அரசாங்கத்தின் கொள்முதல் உண்டு. போர் இல்லாத காலத்தில்? 1878ஆம் ஆண்டில் வேலையின்மையால் அவ்வாலை ஏறத்தாழ ஓராண்டு மூடப்பட்டது. உயிர்கள் பிழைத்திருந்த அமைதிக்காலம் முதலாளிக்குப் பஞ்சகாலமாயிற்று!

1880 அளவில் அந்த ஆலை மிதிவண்டி செய்யத் தொடங்கிய காரணம் இதுதான். துப்பாக்கிக்குழலைக் கடைந்த கடைசல் இயந்திரம் சக்கரத்தின் குடத்தைக் கடைந்தது; நுண்ணளவு பார்த்துப் பழகிய கைகள் பல்சக்கரத்தை அளந்தன. 1910இல் மோட்டார் சைக்கிளும் பிறந்தது. எனினும் கம்பெனியின் சின்னம் மாறவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் மூன்று துப்பாக்கிகளே அச்சின்னம். என்ஃபீல்டின் கதையும் இவ்வாறானதே. ரெடிச் ஊசித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கிருந்த மிதிவண்டிக் கம்பெனியொன்று, என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரச ஆயுதசாலைக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் வேலையைப் பெற்றது; அந்த மகிழ்ச்சியில் அவ்வூரின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் மட்டுமா? பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி, 1889இல் அரசாங்கத்துக்கு 1,50,000 மௌசர் துப்பாக்கிகள் செய்து கொடுப்பதற்கென்றே தோன்றியது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் செய்தது. ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆயுத ஆலை 1894இல் வெளியிட்ட மிதிவண்டியின் பெயரே 'ஆயுதச் சக்கரம்' என்று பொருள்படும். சுவீடனின் ஹஸ்க்வர்னா 1689இல் அரசனின் துப்பாக்கிச்சாலையாகத் தொடங்கி, 1903இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. எனவே இது தற்செயலன்று. ஒரு பொருளாதார விதி. இயந்திரத்தின்மீது குற்றம் சுமத்துவாரும் உளர். கடைசல் இயந்திரத்துக்கு நிலைப்பாடு கிடையாது. அதை உடையவனுக்கே உண்டு. அவனுடைய நிலைப்பாடோ கணக்கேட்டில் எழுதப்பட்டது. போர் மூண்டதும் சக்கரத்தை நிறுத்தித் துப்பாக்கிக்குத் திரும்பினான். முதல் உலகப் போரில் பி.எஸ்.ஏ. செய்து குவித்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 15 இலட்சம்!

ஆலையில் பிறந்த துப்பாக்கி கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கு வந்தபோது யார் கையில் அமர்ந்தது? நம் மலைகளே இதற்கு விடை கூறும். 1900ஆம் ஆண்டில் 'இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை' அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் துரைமாரைக் கொண்ட தொண்டர்படை அது. கண்டி அதன் தலைமையிடம். 1914இல் அதன் வீரர் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். 1949இல் கலைக்கப்படும்வரை அது நிலைத்திருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகின்றவர் மாலையில் குறி பார்த்துச் சுடப் பயின்றார். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. பங்களாவில் துப்பாக்கி இருந்தது. லயத்தில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. மலையகத்தின் வர்க்க உறவை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

1939இன் இறுதியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர், கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று நாம் போற்றுவது அவரையே. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் இரவு, ஜெர்மானிய விமானங்கள் பர்மிங்காமின் மேல் குண்டு வீசின. பி.எஸ்.ஏ. ஆலையில் இரவு வேலையில் இருந்த 53 தொழிலாளர் இடிபாடுகளில் மாண்டனர். ஒருவர் தேயிலைக் கொழுந்து பறித்த சமூகத்தவர். மற்றவர் துப்பாக்கி கடைந்த சமூகத்தவர். ஒருவரையொருவர் அறியார், ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் துப்பாக்கி வாணிகத்தின் இலாபத்தில் இருவருக்கும் பங்கில்லை; சாவில் மட்டும் இருவருக்கும் பங்கு கிடைத்தது. தொழிலாளி வர்க்கம் ஒன்றே என்பதற்கு இவ்விரு தேதிகளும் சான்று.

அந்நியத் துரைமார் போனபின் துப்பாக்கியின் திசை மாறியதா? தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பங்கிட்டுக் கொடுப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். உடைமை மாறியது, குறி மாறவில்லை.

கம்பெனிகளின் உடைமையும் கைமாறியது. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென ராயல் என்ஃபீல்டு வண்டிகளை வாங்கியது. அதன் விளைவாக 1955இல் சென்னையில் 'என்ஃபீல்டு இந்தியா' தோன்றிற்று. திருவொற்றியூர்த் தமிழ்த் தொழிலாளர் அவ்வண்டிகளைப் பூட்டினர். 1967இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது; வண்டி தமிழ்மண்ணில் தொடர்ந்தது. அவ்வண்டியின் பெயரோ 'புல்லட்', அதாவது துப்பாக்கிக் குண்டு! பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் பெயரை 2016இல் மகிந்திரா குழுமம் வாங்கிற்று. வெள்ளை முதலாளியின் பெருமைச் சொல்லை நம் முதலாளியும் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார்.

அப்படியாயின் வேறு நிலைப்பாடே எழுந்ததில்லையா? எழுந்தது, ஆனால் முதலாளியின் மேசையிலிருந்தன்று. லூகாஸ் என்னும் பெயர் நமக்கு அறிமுகமானது. மிதிவண்டி விளக்கில் தொடங்கி வாகன மின்கருவிகளில் பெருகிய பர்மிங்காம் கம்பெனி அது. சென்னை பாடியில் 1961இல் டி.வி.எஸ்.ஸோடு கூட்டுச் சேர்ந்ததும் அதுவே. அதன் விமான உறுப்புப் பிரிவின் வேலையில் பெரும்பங்கு இராணுவத்துக்கானது. ஆட்குறைப்பு அச்சுறுத்தியபோது, அங்கிருந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகள் 1976இல் ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தனர். போர்க்கருவிக்குப் பதிலாகச் சிறுநீரக இயந்திரம், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி என ஏறத்தாழ 150 பயனுள்ள பொருள்களை அவர்கள் வகுத்துக் காட்டினர். நிர்வாகம் மறுத்துவிட்டது. ஆனால் எதைச் செய்வது என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பதை அத்திட்டம் உலகறியச் செய்தது.

இரண்டாவது குரல் மாணவருடையது. 2018 பெப்ரவரி 14ஆம் நாள் அமெரிக்காவின் பார்க்லண்ட் நகரப் பள்ளியொன்றில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிர்தப்பிய மாணவர் வீதிக்கு வந்தனர். அவர்கள் மூட்டிய எழுச்சியின்முன், ஹெர்ட்ஸ், ஏவிஸ், என்டர்பிரைஸ் ஆகிய வாடகைக் கார்க் கம்பெனிகள், துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தாருக்கு அளித்துவந்த சலுகையை நிறுத்தின. விஸ்டா அவுட்டோர் என்னும் கம்பெனி, மிதிவண்டித் தலைக்கவசத்தையும் சாவேஜ் துப்பாக்கியையும் ஒருங்கே விற்றுவந்தது, ஆர்.இ.ஐ. என்னும் பெருங் கூட்டுறவுக் கடை அதனிடம் கொள்முதலை நிறுத்திவைத்தது. 2019இல் அக்கம்பெனி துப்பாக்கிப் பிரிவை விற்றது. மனம் திருந்திவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம்! 2020இல் அதே கம்பெனி ரெமிங்டன் தோட்டா ஆலையை விலைக்கு வாங்கியது. நெருக்கடி தளர்ந்தால் நிலைப்பாடும் தளரும் என்பதே இதன் பாடம்.

கம்பெனி தானாகத் துப்பாக்கியைக் கீழே வைப்பதில்லை. கேட்பவர் உள்ளவரையே அது செவிசாய்க்கும். சிவனொளிபாத மலைப் பருவத்தில் எத்தனையோ வாகனங்கள் நல்லதண்ணியில் வந்து நிற்கின்றன. அவற்றின்மேல் பொறித்த சின்னங்களை நம் மாணவர் நுட்பமாக அறிவர். குதிரைத்திறனை மனப்பாடமாகக் கூறுவர். அந்த அறிவை இகழ வேண்டியதில்லை. அதையே தொடக்கமாகக் கொள்ளலாம். இச்சின்னம் எங்கே பிறந்தது, எந்த ஆலையில், யாருடைய உழைப்பால், எவருக்கு எதிராக என்று அடுத்த கேள்வியைக் கேட்கக் கற்பிப்பது ஆசிரியர் கடன். கோவிந்தனின் பெயரை வரலாற்றுப் பாடத்தில் சேர்க்கக் கோருவதும் அக்கடனைச் சேர்ந்ததே. லூகாஸ் தொழிலாளர் கேட்டனர். பார்க்லண்ட் மாணவர் கேட்டனர். நம் பிள்ளைகளும் கேட்கட்டும்.