பிரித்தானிய விமானத் தொழிலும் அரசும்

பிரிட்டனில் விமானம், எஞ்சின், ஹெலிகாப்டர், ஏவுகணை ஆகியவற்றைச் செய்யும் தொழில், அங்குள்ள வேறெந்தப் பெருந்தொழிலையும்விட அரசோடு நெருக்கமாகப் பிணைந்தது. நெடுங்காலம் அரசே அதன் முதன்மை வாடிக்கையாளராக இருந்தது. முக்கிய ஆய்வுக்கூடமும் அரசுடையதாக இருந்தது. புதிய விமானங்களுக்கு முதல் போட்டதிலும் அரசுக்குப் பங்குண்டு. சில காலம் அரசே உரிமையாளராகவும் இருந்தது. ஆதரவு எந்த அளவில், என்ன நிபந்தனையுடன், எந்த நிறுவனத்துக்கு என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு ஆட்சியும் வேறு வேறு விடை தந்தது. இன்று அந்நாட்டில் வலுவாக எஞ்சியிருக்கும் இறக்கைத் தொழிலும் எஞ்சின் தொழிலும் 1957 முதல் 1971 வரை எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு என்பதால், அக்காலம் இங்கே விரிவாகச் சொல்லப்படுகிறது.

தொடக்கம்

1909இல் ஆஸ்குவித் அரசு, இயற்பியலாளர் ரேலி பிரபுவின் தலைமையில் வானூர்தியியல் ஆலோசனைக் குழுவை அமைத்தது. ஃபார்ன்பரோவில் இருந்த ராணுவ பலூன் தொழிற்சாலை சில ஆண்டுகளில் ராயல் விமானத் தொழிற்சாலையாக மாறியது. அரசுத் தொழிற்சாலை தனியாரோடு போட்டியிடலாமா என்று 1916இல் நாடாளுமன்றத்தில் காரசாரமான விவாதம் எழுந்தது. அதன்பின் ஃபார்ன்பரோ படிப்படியாக வடிவமைப்பை விட்டு ஆய்வின் பக்கம் திரும்பியது.

முதல் உலகப் போரின் இறுதியாண்டான 1918இல் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் ஆணைகள் நின்றுபோயின. புகழ்பெற்ற சாப்வித் நிறுவனம் 1920இல் கலைக்கப்பட்டது. எஞ்சியவற்றைக் காக்க, விமானத்துறை அமைச்சகம் தன் பட்டியலில் இருந்த நிறுவனங்களுக்குச் சிறு சிறு ஆணைகளைப் பங்கிட்டுக் கொடுத்தது. விமானங்களின் எண்ணிக்கை இங்கே இரண்டாம்பட்சம்; வடிவமைப்பாளர்களின் குழுக்கள் கலைந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். பல நிறுவனங்கள் குறைந்த வேலையோடு உயிர்தரிக்கும் இந்த ஏற்பாடு சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

1924இல் அமைந்த தொழிற்கட்சி அரசு இரண்டு ஆகாயக் கப்பல்களைத் திட்டமிட்டது. அரசே கட்டியது ஆர்101. விக்கர்ஸின் துணை நிறுவனம் கட்டியது ஆர்100. ஆர்100 கனடா வரை சென்று நலமாகத் திரும்பியது. ஆர்101, இந்தியா நோக்கிப் புறப்பட்ட முதல் பயணத்திலேயே, 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து எரிந்தது. விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு உட்பட 48 பேர் இறந்தனர். ஆகாயக் கப்பல் கொள்கையும் அதோடு கைவிடப்பட்டது.

மறு ஆண்டு, ஷ்னைடர் கோப்பை விமானப் பந்தயத்துக்குப் பணம் தர அரசு மறுத்தது. லூசி ஹூஸ்டன் சீமாட்டி தம் சொந்தப் பணம் 1,00,000 பவுண்டை அளித்தார். அந்தப் பணத்தில் பறந்து கோப்பையை வென்ற சூப்பர்மரீன் எஸ்.6பி விமானத்தையும் அதன் ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினையும் செய்த அனுபவம் பின்னாளில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கும் மெர்லின் எஞ்சினுக்கும் எவ்வளவு உதவியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1936இல் ‘நிழல் தொழிற்சாலை’த் திட்டம் தொடங்கியது. அரசு தன் செலவில் ஆலை கட்டும். ஆஸ்டின், ரோவர் போன்ற மோட்டார் நிறுவனங்கள் கட்டணம் பெற்று அதை நடத்தும். 1940 மே மாதம் விமான உற்பத்திக்கென்றே தனி அமைச்சகம் பீவர்புரூக் பிரபுவின் பொறுப்பில் அமைந்தது. 1944இல் உற்பத்தி 26,000 விமானங்களைத் தாண்டியது.

போருக்குப் பின் (1945–1957)

போர்க்காலத்தில் அமெரிக்கா போக்குவரத்து விமானங்களிலும் பிரிட்டன் போர் விமானங்களிலும் கவனம் செலுத்தியதால், அமைதி திரும்பும்போது பயணிகள் விமானச் சந்தை முழுவதும் அமெரிக்காவுக்குப் போய்விடும் என்ற அச்சம் எழுந்தது. 1942 இறுதியில் பிரபசான் பிரபு தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது பல வகைப் பயணிகள் விமானங்களைப் பரிந்துரைத்தது. அவற்றுள் மிகப் பெரியது பிரிஸ்டல் பிரபசான். அதன் இறக்கையின் அகலம் 70 மீட்டர். ஃபில்டனில் அதற்கேற்ற ஓடுபாதை போடுவதற்காக சார்ல்டன் என்ற சிற்றூர் இடிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் அது பறந்தது, வாங்க யாரும் வரவில்லை, 1953இல் உடைக்கப்பட்டது. இதே குழுவின் பரிந்துரையில் பிறந்த விக்கர்ஸ் வைக்கவுண்ட் 445 எண்ணிக்கையில் விற்றது. இந்தியன் ஏர்லைன்ஸும் அதை வாங்கியது.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான டி ஹாவிலண்ட் காமெட் 1952 மே 2 அன்று சேவைக்கு வந்தது. 1954இல் இரண்டு காமெட்டுகள் அடுத்தடுத்துக் கடலில் விழுந்தன. விசாரணை ஃபார்ன்பரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஒரு முழு விமான உடலை நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தி, உள்ளே நீரழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொரு சுற்றையும் ஒரு பயணமாகக் கணக்கிட்டனர். முன்பே பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆம் சுற்றில் உடல் பிளந்தது. உலோகச் சோர்வு என்பது கண்ணுக்குத் தெரியும்படி நிறுவப்பட்டது. அந்தப் பாடம் போட்டியாளர்கள் உட்பட எல்லா நாடுகளுக்கும் வெளிப்படையாகவே கிடைத்தது. அரசு ஆய்வுக்கூடம் உலகுக்குச் செய்த பெரும்பணிகளில் இது ஒன்று. இத்தொழிலின் வரவு செலவுக் கணக்குகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

ரோல்ஸ்-ராய்ஸ் நீன் எஞ்சின்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்க அட்லி அரசு அனுமதித்தது. அதன் வழிவந்த எஞ்சின் மிக்-15இல் கொரியப் போரில் பறந்தது. அனுமதிக்குப் பொறுப்பான அமைச்சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் ஏமாந்தார் என்பது ஒரு தரப்பு. அன்றைய டாலர்ப் பஞ்சத்தில் வணிகத்துக்கு முதலிடம் தந்தார், அவ்வளவே என்பது மறுதரப்பு.

சாண்டிஸ் அறிக்கையும் இணைப்புகளும்

1957 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, எதிர்காலம் ஏவுகணைகளுக்கே என்று கணித்து, ஆளோட்டும் புதிய போர் விமானத் திட்டங்கள் பலவற்றை நிறுத்தியது. தொழிலையே கொன்ற அறிக்கை என்று இதைச் சொல்வோர் உண்டு. நிறுத்தப்பட்டவற்றுள் சில எப்படியும் நின்றிருக்கும் என்று ஆவணங்களைக் காட்டி மறுப்போரும் உண்டு. ராணுவ வேலை குறையும் என்று உணர்ந்த மான்செஸ்டரின் ஆவ்ரோ நிறுவனம் மீண்டும் பயணிகள் விமானத்துக்குத் திரும்பி, சொந்த முயற்சியாக 748 மாதிரியை வடிவமைத்தது. உரிமம் பெற்று இந்தியாவின் கான்பூரில் பூட்டப்பட்ட முதல் 748, 1961 நவம்பரில் பறந்தது. இந்திய விமானப்படையிலும் இந்தியன் ஏர்லைன்ஸிலும் ஏர் சிலோனிலும் ‘ஆவ்ரோ’ என்றே அறியப்பட்ட இந்த உறுதியான விமானம் நம் பகுதிக்கு வந்தது இப்படித்தான்.

நிறுவனங்கள் மிக அதிகம் என்பது அரசின் நெடுநாள் மனக்குறை. சட்டம் போடாமல், ஆணைகளையும் உதவியையும் காட்டியே அவற்றை இணைத்தது. டி.எஸ்.ஆர்-2 என்ற தாக்குதல் விமானத்தின் ஒப்பந்தம் சேர்ந்து வருபவர்களுக்கே என்று அறிவிக்கப்பட்டது. விக்கர்ஸ், இங்கிலிஷ் எலக்ட்ரிக், பிரிஸ்டல் ஆகியவை 1960இல் பிரிட்டிஷ் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் ஆயின. டி ஹாவிலண்ட், பிளாக்பர்ன், ஃபாலண்ட் ஆகியவை ஹாக்கர் சிடிலியில் கலந்தன. ஹெலிகாப்டர் வேலை வெஸ்ட்லண்டிடம் போனது. ஃபிரடெரிக் ஹேண்ட்லி பேஜ் மட்டும் இணைய மறுத்தார். தம் நிறுவனத்துக்குச் சொல்லப்பட்ட விலை குறைவு என்பது அவர் வாதம். அவர் 1962இல் இறந்தார். நிறுவனம் 1970இல் மூடப்பட்டது.

இணைந்தோருக்குக் கிடைத்த பரிசு ‘லாஞ்ச் எய்டு’ எனப்பட்ட தொடக்க நிதி. புதிய விமானத்தின் உருவாக்கச் செலவில், பொதுவாகப் பாதி வரை, அரசு முன்பணமாகத் தரும். விமானம் விற்கும்போது ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு தொகை அரசுக்குத் திரும்பும். விற்காவிட்டால் அரசின் பணமும் போனதுதான். பிற்காலத்தில் அமெரிக்காவோடு நடந்த வணிக வழக்குகளின் மையத்தில் இருந்ததும் இந்த ஏற்பாடே.

டி.எஸ்.ஆர்-2, கன்கார்டு

டி.எஸ்.ஆர்-2 தாழப் பறந்து, ஒலியை மிஞ்சும் வேகத்தில், எந்த வானிலையிலும் தாக்க வேண்டும் என்று விமானப்படை கேட்டது. கோரிக்கைகள் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. 1963இல் ஆஸ்திரேலியா அமெரிக்க எஃப்-111ஐத் தேர்ந்தெடுத்தது பலத்த அடி. 1964 செப்டம்பர் 27 அன்று பாஸ்கம் டவுன் தளத்திலிருந்து ரோலண்ட் பீமாண்ட் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். பறந்தது ஒரே விமானம், 24 முறை. 1965 ஏப்ரல் 6 அன்று நிதியமைச்சர் காலகன் தமது பட்ஜெட் உரையிலேயே திட்டம் ரத்தானதை அறிவித்தார். அமெரிக்க அழுத்தமா, செலவா, விமானப்படைக்கும் கடற்படைக்கும் இடையிலான பகையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கேட்கப்பட்ட எஃப்-111 ஆணையும் 1968இல் ரத்தானது. எஞ்சிய இரண்டு டி.எஸ்.ஆர்-2 விமானங்களை காஸ்ஃபோர்டிலும் டக்ஸ்ஃபோர்டிலும் உள்ள அருங்காட்சியகங்களில் காணலாம்.

விமானத் தொழிலை ஆராய்ந்து 1965 டிசம்பரில் வெளிவந்த பிளௌடன் குழுவின் அறிக்கை, உள்நாட்டுச் சந்தை சிறியது, அமெரிக்காவோடு தனித்துப் போட்டியிட முடியாது, ஐரோப்பாவோடு கூட்டுச் சேர வேண்டும் என்றது. கூட்டு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1962 நவம்பர் 29 அன்று ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானமான கன்கார்டுக்காகப் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் விலகுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. பிரான்ஸ் பின்வாங்கிவிடும் என்று அஞ்சி பிரிட்டனே அப்படி விரும்பியது என்பர். 1964இல் பதவியேற்ற வில்சன் அரசு விலக முயன்றபோது, அதே உடன்படிக்கை அதன் கையைக் கட்டியது. தொடக்கத்தில் 15 முதல் 17 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட உருவாக்கச் செலவு 100 கோடியைத் தாண்டியது. இரண்டே நிறுவனங்கள், 14 விமானங்களுடன், பயணிகள் சேவை நடத்தின. வணிகக் கணக்கில் தோல்வி என்பதில் ஐயமில்லை. பொறியியலில் அதற்கு நிகரான பயணிகள் விமானம் பின்னர் வரவில்லை என்பதையும் பதிவு செய்வதே நியாயம்.

ஏர்பஸ் இறக்கைகள்

1967இல் பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி மூன்றும் ஏர்பஸ் திட்டத்தில் கைகோத்தன. 1969 ஏப்ரலில் பிரிட்டன் விலகிக்கொண்டது. விற்பனையில் நம்பிக்கையின்மையும், ரோல்ஸ்-ராய்ஸ் தன் கவனத்தை அமெரிக்காவின் லாக்ஹீடு பக்கம் திருப்பியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஹாக்கர் சிடிலி விலகவில்லை. திட்டத்தின் முதல் விமானமான ஏ300இன் இறக்கையை வடிவமைத்த ஹாட்ஃபீல்டு பொறியாளர்களை விட்டால் வேறு ஆளில்லை என்று கூட்டாளிகளும் அறிந்திருந்தனர். நிறுவனம் தன் பணத்தைப் போட்டது. மேற்கு ஜெர்மனி அரசும் உதவியது. வேல்ஸின் எல்லையோரம் உள்ள பிராட்டன் ஆலையில் இறக்கைகள் உருவாயின. தன் நாட்டு அரசு கைவிட்ட திட்டத்தில் ஒரு நிறுவனம் அயல்நாட்டு அரசின் துணையோடு தங்கியதால்தான், பல்லாயிரம் பேருக்கு இன்றுவரை வேலை தரும் தொழில் அந்நாட்டில் நிலைத்தது. இந்த வரலாற்றில் இதைவிடத் தொலைநோக்கான முடிவைச் சுட்டுவது கடினம். ஹாக்கர் சிடிலியின் வாரிசான பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் 1979இல் 20 விழுக்காட்டுப் பங்குடன் ஏர்பஸில் முழு உறுப்பினர் ஆயிற்று.

ரோல்ஸ்-ராய்ஸின் வீழ்ச்சி

1968இல் லாக்ஹீடின் டிரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி211 எஞ்சினை நிலையான விலையில் தர ரோல்ஸ்-ராய்ஸ் ஒப்புக்கொண்டது. உருவாக்கச் செலவு 6.55 கோடி பவுண்டு என்று கணிக்கப்பட்டது, அரசு 4.7 கோடி தருவதாகச் சொன்னது. கார்பன் இழையால் செய்த விசிறித் தகடுகள் பறவை மோதல் சோதனையில் தாங்காமல் டைட்டானியத்துக்கு மாற வேண்டியிருந்தது. 1970க்குள் செலவுக் கணிப்பு இரு மடங்கைத் தாண்டிவிட்டது. 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் திவாலானது.

நொடித்த தொழில்களைத் தாங்கிப்பிடிக்க மாட்டோம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த ஹீத்தின் கன்சர்வேட்டிவ் அரசு, சில நாட்களிலேயே அதை நாட்டுடைமையாக்கியது. விமானப்படை, கடற்படை எஞ்சின்கள் பலவும் அங்கிருந்தே வந்தன. வேறு வழி இருக்கவில்லை. ஆர்பி211ஐ நம்பியிருந்த லாக்ஹீடைக் காக்கும் 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அமெரிக்க செனட்டில் 49-48 என ஒரே வாக்கில் தேறியது. ஓய்வுபெற்றிருந்த எஞ்சின் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் திரும்பி வந்து எஞ்சினைச் சரிசெய்தார். மூன்று தண்டுகள் கொண்ட அந்த வடிவமே பிற்காலத்து டிரெண்ட் எஞ்சின்களின் மூலம்.

அதே 1971 ஜூலையில் பிரிட்டனின் பிளாக் ஆரோ ராக்கெட் திட்டத்தையும் அரசு ரத்து செய்தது. ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த ராக்கெட்டை ஏவ மட்டும் அனுமதி கிடைத்தது. அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து அது புரோஸ்பெரோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நாட்டுடைமையும் தனியார்மயமும்

விமானம், கப்பல் கட்டும் தொழில்களை நாட்டுடைமையாக்கும் மசோதா 1976 மே 27 இரவு ஒரே வாக்கு வேறுபாட்டில் காமன்ஸ் அவையின் தடையைத் தாண்டியது. தொழிற்கட்சியினர் செங்கொடிப் பாட்டைப் பாட, எதிர்க்கட்சியின் மைக்கேல் ஹெசல்டைன் அவையின் செங்கோலைத் தூக்கிவிட்டார். 1977இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் பிறந்தது. நான்கே ஆண்டுகளில் தாட்சர் அரசு பாதிக்கும் மேற்பட்ட பங்குகளை விற்றது. 1985இல் மீதியும் போயிற்று. அயலார் கைக்கு நிறுவனம் போகாமலிருக்க ஒரு ‘தங்கப் பங்கை’ மட்டும் அரசு வைத்துக்கொண்டது. 1987இல் ரோல்ஸ்-ராய்ஸும் இவ்வழியே தனியாரிடம் சென்றது. வெஸ்ட்லண்டை அமெரிக்கரிடம் விடுவதா, ஐரோப்பியரிடமா என்ற சர்ச்சையில் 1986 ஜனவரியில் இரு அமைச்சர்கள் பதவி விலகினர். முதலில் விலகியவர் அதே ஹெசல்டைன். தொடக்க நிதி மட்டும் நிற்கவில்லை: ஏ320க்கு 25 கோடி பவுண்டும், 2000இல் ஏ380க்கு 53 கோடியும் உறுதியளிக்கப்பட்டன.

அண்மைக் காலம்

பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸின் வாரிசாக 1999இல் உருவான பிஏஇ சிஸ்டம்ஸ், ஏர்பஸ் பங்கை 2006இல் விற்றது. ஏர்பஸ் உதவிகளை எதிர்த்து 2004இல் அமெரிக்கா தொடுத்த உலக வணிக அமைப்பு வழக்கு 2021இல் தற்காலிக உடன்பாட்டில் நின்றது. 2013 முதல் ஏரோஸ்பேஸ் தொழில்நுட்ப நிறுவனம் வழியாக அரசும் தொழில்துறையும் சேர்ந்து ஆய்வுக்கு நிதி தருகின்றன. 2018இல் அறிவிக்கப்பட்ட டெம்பஸ்ட் போர் விமானம், 2022 டிசம்பரில் இத்தாலி, ஜப்பானுடனான கூட்டுத் திட்டமாயிற்று. 2035இல் அது படையில் சேர வேண்டும் என்பது மூன்று அரசுகளின் இலக்கு.