ஆடம்17

ஆடம்17 என்பது உயிரணு மென்சவ்வில் பதிந்திருந்து பிற புரதங்களை வெட்டும் ஒரு நொதி ஆகும். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதத்தை மென்சவ்விலிருந்து விடுவிக்கும் நொதியாக இது 1997ஆம் ஆண்டு இனங்காணப்பட்டது. எனவே இது டிஎன்எஃப்-ஆல்ஃபா மாற்று நொதி எனவும் அழைக்கப்படுகிறது.

அமைப்பு

மனிதரில் இந்நொதிக்கான மரபணு 2ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. தொடக்கநிலைப் புரதம் 824 அமினோ அமிலங்களைக் கொண்டது. இதன் வினையூக்கப் பகுதி உயிரணுவின் வெளிப்புறத்தில் உள்ளது. அதில் ஒரு துத்தநாக அயனி பிணைந்துள்ளது. புரதத்தின் முன்பகுதி இந்நொதியைச் செயலற்ற நிலையில் வைத்திருக்கும். கொல்கி உடலத்தில் ஃபியூரின் என்னும் மற்றொரு நொதி அம்முன்பகுதியை வெட்டி நீக்குகிறது.

செயற்பாடு

பல குறிகைப் புரதங்கள் மென்சவ்வில் பிணைந்த நிலையிலேயே உருவாகின்றன. ஆடம்17 அவற்றின் வெளிப்பகுதியை வெட்டுவதால், அப்பகுதி கரைநிலையில் பரவிப் பிற உயிரணுக்களின் ஏற்பிகளை அடைகிறது. இச்செயல் வெளிப்பகுதி உதிர்ப்பு எனப்படும். டிஜிஎஃப்-ஆல்ஃபா, ஆம்ஃபிரெகுலின் ஆகியன இவ்வாறு விடுவிக்கப்பட்டு, மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியைத் தூண்டுகின்றன.

ஏற்பிகளும் வெட்டப்படுவதுண்டு. டிஎன்எஃப் ஏற்பி உதிர்க்கப்படும்போது, அவ்வுயிரணு டிஎன்எஃப் குறிகையை உணரும் திறன் குறைகிறது. இவ்வாறு ஒரே நொதி குறிகையைப் பரப்பவும் அடக்கவும் வல்லதாக உள்ளது.

மருத்துவ முக்கியத்துவம்

ஆடம்17 செயலிழந்த சுண்டெலிகளுள் பெரும்பாலானவை பிறப்பை ஒட்டி இறக்கின்றன. மனிதரில் இக்குறைபாடு தோலிலும் குடலிலும் அழற்சியை உண்டாக்குவது 2011ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. முடக்குவாத நோயில் டிஎன்எஃப் மிகுவதால், இந்நொதியைத் தடுக்கும் மருந்துகள் ஆராயப்பட்டன. ஆயினும் இது வெட்டும் புரதங்கள் பலவாதலால், தேவையான செயல்களைப் பாதிக்காமல் இதனைத் தடுப்பது கடினமாகும்.