பழுத்த இலையும் குளிரும்: தங்காக் பால்மரம் தரும் சான்று

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டால் பள்ளிப் பாடம் குளிரையும் குறுகும் பகலையும் கைகாட்டும். லண்டனுக்கு அது பொருந்தலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் உள்ள மலேசியாவின் தங்காக்கில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் கால் மணி நேர அளவுக்கே கூடிக் குறைகிறது. குளிர் வேண்டுமானால் 1,276 மீட்டர் உயர லேடாங் மலைமீது ஏற வேண்டும். இருந்தும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், செம்பனைக்கு இடம்கொடுத்தது போக எஞ்சிய ரப்பர் (பால்மரக்) காடு மஞ்சளும் செம்பழுப்புமாகி மொட்டையாகிறது. குளிர்காலமே இல்லாத மண்ணில் இதற்குத் தோட்டத் துரைமார் வைத்த பெயர் 'விண்டரிங்'.

நாமும் சளைத்தவர்கள் அல்லர். ஐரோப்பியப் பருவம் ஒன்றுக்கு 'இலையுதிர்காலம்' என்று பெயரிட்டுக்கொண்டோம். ஆறு பெரும்பொழுதுகளில் அப்படி ஒன்று இல்லை. ஐரோப்பாவில் இலை உதிரும் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், மழை நாள்கள். தமிழகத்தில் இலை கொட்டும் மரங்கள் பல பின்பனியில்தான் கொட்டுகின்றன.

பேச்சுத் தமிழோ சரியான சொல்லை எப்போதோ பிடித்துவிட்டது: இலை 'பழுக்கிறது'. இதை வெறும் உவமையாக நான் கொள்ளவில்லை. காய் பழுப்பதையும் இலை உதிர்வதையும் முடுக்குவது ஒரே வாயு, எத்திலீன். (பால் கூடுதலாக வடிய வெட்டுப்பட்டையில் தடவும் எத்திபான் மருந்து வெளியிடுவதும் அதையே.) இரண்டிலும் பச்சையம் ஒரே வழியில் சிதைகிறது, பேரிக்காய்த் தோலிலும் பேரி இலையிலும் ஒரே நிறமற்ற சிதைவுப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. மரத்துக்கு வேண்டியது இலைப் புரதத்திலுள்ள நைட்ரஜன். புரதத்தைப் பிரித்தால் அதைப் பற்றியிருந்த பச்சையம் தனித்து நிற்கும். வெயில் பட்டால் அது செல்லையே கெடுக்கும். ஆகவே முதலில் அதை முடமாக்கியாக வேண்டும். பச்சை விலகியதும், முன்பே உடனிருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. ஆக, நிறமாற்றம் சாவின் அடையாளமல்ல. சரக்கை ஒழுங்காகத் திரும்பப் பெறும் வேலை.

குளிர் இல்லாவிட்டால் வறட்சிதான் காரணம் என்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் தங்காக்கில் மழை குறைவது உண்மையே. ஆனால் மூன்று நான்கு வயது ஆகாத கன்றுகள் அதே மண்ணில், அதே வெயிலில் பச்சையாகவே நிற்கின்றன. முதிர்ந்த மரங்களிலும் ரகத்துக்கு ரகம் நாள் முன்பின்னாகிறது. வறட்சி மரங்களை ஒரே வேளைக்குத் திரட்டுகிறது, அவ்வளவே. லண்டனில் குளிர் செய்வதும் இந்த வேலைதான் என்பது என் வாதம்.

சிவப்பின் கதை வேறு. அதைத் தரும் ஆந்தோசயனின் ஒளிந்திருந்து வெளிப்படுவதல்ல, புதிதாக உண்டாவது. முதுமைக்கு மட்டும் உரியதும் அல்ல. மொட்டையான சில வாரங்களில் பால்மரம் விடும் துளிரும் செம்பு நிறமே. அந்தத் துளிருக்குச் சேமிப்பு செலவாவதால் பால் குறைகிறது. எடைக்குக் கூலி வாங்கிய தோட்டத் தமிழருக்குப் பால் பிடிக்கும் மங்கிலேயே அது தெரிந்துவிட்டது.