கல்லீரல்–கணையக் கூட்டு அறுவை

கல்லீரலின் பெரும்பகுதி, பித்தநாளம், கணையத்தின் தலை, முன்சிறுகுடல் ஆகியவற்றை ஒரே அறுவையில் அகற்றும் சிகிச்சை. பித்தநாளப் புற்று மேலே கல்லீரல் வாயில் வரையும் கீழே கணையத்துக்குள்ளும் நாளச் சுவரோடு படரக்கூடியது. ஒரு முனையை மட்டும் வெட்டினால் மறுமுனையில் நோய் தங்கிவிடும். கணையத் தலையை எடுக்கும் அறுவையை நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935இல் வெளியிட்டார். அதோடு கல்லீரலையும் சேர்க்கத் துணிந்தவர்கள் ஜப்பானியர். முற்றிய பித்தப்பைப் புற்று உள்ள 5 பேருக்கு இதைச் செய்ததாகத் தக்கசாகி குழு 1980இல் அறிவித்தது. தொடக்க கால மரணங்களைப் பார்த்துப் பலர் இதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

பிறகு இது நிலைபெற்றதற்கு, வெட்டும் திறனைவிட வெட்டுவதற்கு முந்தைய வாரங்களே காரணம் என்று கருத இடமுண்டு. காமாலையில் ஊறிய கல்லீரலை வெட்டினால் மிச்சம் தாங்காது. எடுக்கப்போகும் பக்கத்துக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை முன்னரே அடைத்தால் மறுபக்கம் வளரும் என்ற உத்தியை ஜப்பானிய அறுவை மருத்துவர் மக்கூச்சி 1990இல் வெளியிட்டார். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் அடைபட்ட பித்தநீரைக் குழாய் வழியே வடித்து, அதையே நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கசப்பைக் குடிக்க முடியாதவருக்கு மூக்குக்குழாய். பித்தநீர் போகாத குடலின் காப்பரண் தளர்ந்து கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் என்பதே காரணம். 2012இல் எபாட்டா வெளியிட்ட நகோயாக் கணக்கில், 85 பேரில் அறுவையையொட்டி இறந்தவர்கள் 2.4 சதவீதம், ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 37 சதவீதம்.

இவ்வளவு உடலை வெட்டுவது தகுமா என்ற கேள்வி நியாயமானதே. அதே 85 பேரில் பத்துக்கு ஏழு பேருக்குக் கணையச் சாறு கசிந்தது. இரத்தக் குழாய்களையே அரிக்கவல்ல சாறு அது. பித்தப்பைப் புற்றுக்கு இதன் பலன் இன்றும் ஐயத்துக்குரியது. நகோயாவின் எண்ணிக்கையை வேறு ஊர்கள் தமதாகக் காட்டவும் முடியாது. ஆனால் இவை ஆளையும் இடத்தையும் தேர்வதற்கான காரணங்களே, அறுவையைத் தள்ளுவதற்கானவை அல்ல. இந்தியாவின் கல்லீரல் மாற்று அறுவைகளில் உயிரோடு இருப்பவரிடமிருந்து கல்லீரல் பெறும் முறைதான் பெரும்பான்மை. இந்த அறுவைக்கும் வேண்டிய, எவ்வளவு கல்லீரல் மிச்சம் போதும் என்று அளக்கும் பழக்கத்தை அது தருகிறது. சென்னையில் குடல் அறுவைக்குத் தனித்துறை அமைத்த என். ரங்கபாஷ்யத்தின் மரபும், 2018இல் குரோம்பேட்டையில் தொடங்கிய ரேலா மருத்துவமனை போன்ற கல்லீரல் மையங்களும் இருப்பதால் சென்னைக்காரருக்குத் தூரம் தடையில்லை.

தடை, ஸ்கேனும் ஸ்டென்டும் (நாளத்தைத் திறந்துவைக்கும் குழாய்) நடக்கும் வரிசையில் இருக்கிறது. கண் மஞ்சளானதும் அவசரமாக ஸ்டென்ட் வைத்துவிட்டுப் பிறகு ஸ்கேன் எடுத்தால், வீங்கிய நாளத்தில் புற்று எதுவரை படர்ந்தது என்று படிப்பது கடினம். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இல்லாதவரை ஸ்கேன் முதலில், ஸ்டென்ட் அடுத்து.