தோட்டக் கள்ளும் தொழிலாளர் நினைவும்

மலாயாத் தோட்டத் தமிழரின் குடி வரலாறு பெரும்பாலும் கூலி, கடன், வேலைநிறுத்தம் என்னும் கோணங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. நெடுங்காலக் குடி அவர்தம் அறிவாற்றலை என்ன செய்தது என்னும் வினா ஓரமாகவே நிற்கிறது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையிலுள்ள உலு திராம் போன்ற, தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த ஊர்களில் முதியோரிடம் வாய்மொழி வரலாறு திரட்டப் புகுவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

தோட்டத்திற்குள் கள்ளுக்கடை தற்செயலாக வந்ததன்று. காலனிய அரசின் உரிமத்தோடு தோட்ட நிருவாகமே நடத்திய கடைகள் பல. அவற்றின் இலாபம் தொழிலாளர் நலநிதிக்குச் செல்லும் என்பது ஏற்பாடு. உழைத்தவர் குடித்த பணத்திலேயே அவர் நலம் பேணப்பட்டது விந்தையான கணக்குத்தான்! 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் இக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப்பின், 1946-47இல், கெடாவில் ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. கள்ளினும் கடுமையான சம்சுவும் தோட்டப்புறங்களில் பரவியது.

நீண்டநாள் மிகுகுடி, தயமின் எனப்படும் வைட்டமின் பி1ஐக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. குடிப்பவரின் உணவும் குறைகிறது. இச்சத்து வற்றும்போது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதிகள் சிதைகின்றன. இதன் கடுந்தாக்கத்தை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கேயும், பின்னர் எஞ்சும் நினைவிழப்பை 1887இல் உருசிய மருத்துவர் கொர்சாக்கோவும் விவரித்தனர். சத்துக்குறையே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இவ்விடத்தில் மலாயாவுக்கே உரிய செய்தியொன்றைக் கருதவேண்டும். 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் நடத்திய ஆய்வு, தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி பெருகியதையும் புழுங்கலரிசி உண்டோர் பெரிதும் தப்பியதையும் காட்டிற்று. அந்நோயும் தயமின் குறையால் வருவதே. புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரிபெரிக்கு அரிதாகவே ஆளாயினர் என்பதை அக்கால மருத்துவர்களும் கண்டனர். உலைப்பானை தந்த அக்காப்பைக் குடி உள்ளிருந்து அரித்தது என்பதே நம் கருத்து.

குடித்தவரெல்லாம் இந்நோய்க்கு ஆளாகவில்லை. ஆளானோர்க்குப் புதியன பதிவதில்லை. இளமை நினைவுகள் ஓரளவு எஞ்சும். இடைவெளிகளைத் தம்மையறியாமல் இட்டுக்கட்டி நிரப்புவர். நினைவு பெரிதும் கெடாதவர்க்கும் திட்டமிடும் திறனும் முடிவெடுக்கும் திறனும் குன்றக்கூடும். குடியை நிறுத்தினால் அவை மாதக்கணக்கில் ஓரளவு மீள்வதுண்டு. ஆகவே முதியவர் ஒருவர் தாம் பால்வெட்டத் தொடங்கிய காலத்தைத் தெளிவாகக் கூறி, தோட்டம் விற்கப்பட்ட ஆண்டைக் குழப்பினால், அதைப் பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. அதை அப்படியே சான்றாகக் கொள்வதும் முறையன்று. கூலிப் பதிவேடு கிடைத்தால் ஒப்புநோக்கலாம். கிடையாதபோது வீட்டுப் பெண்களின் நினைவே துணை. அவர்களைத் தனியே கேட்பது நலம். கணவர் அருகிருக்கையில் பலர் பேசார்.