சர்க்கரை சுவிட்சும் ஹைதராபாத் உப்பும்

பாரூர் வீட்டுல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி மோட்டார் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கிறாங்க. போன வாரம், "இதை எதுலடா செய்றாங்க?"ன்னு கேட்டாங்க. "சிலது பாக்டீரியாவுல, சிலது ஈஸ்ட்ல"ன்னேன். "இப்போ செய்யின்னு அதுக்கு யாரு சொல்றது?" சரியான கேள்வி. பதில்ல ஒரு சர்க்கரைக் கதை இருக்கு.

1940-களின் தொடக்கம், நாஜிப் பிடியில் பாரிஸ். ஜாக் மோனோ ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ரெண்டு சர்க்கரையை ஒன்றாகப் போட்டு வளர்க்கிறார். அது முதலில் குளுக்கோஸை மட்டும் தின்னும். தீர்ந்ததும் கொஞ்ச நேரம் வளர்ச்சி நிற்கும். பிறகுதான் லாக்டோஸில் கை வைக்கும். எங்க பாஷையில் ஒரு இஃப் கண்டிஷன்: குளுக்கோஸ் இல்லை, லாக்டோஸ் இருக்கு, அப்போ ஜீனை ஓட்டு. இது எப்படி நடக்குதுன்னு மோனோவும் ஃபிரான்சுவா ஜாக்கோபும் 1961-ல் விளக்கினார்கள். ஜீனுக்கு முன்னால் ஒரு புரதம் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும், சர்க்கரை வந்தால் அது விலகும். 1965-ல் நோபல்.

அந்த சுவிட்சுக்குப் பின்னாடி வேற ஜீனை ஒட்டினால்? 1978-ல் ஜெனென்டெக் அதைத்தான் செய்தது. மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் லாக் சுவிட்சின் கீழ் ஈ.கோலையில் தனித்தனியாகச் செய்து பிறகு இணைத்தார்கள். சர்க்கரை நோய் மருந்துக்கு சர்க்கரை சுவிட்சு!

ஆனா லாக்டோஸ் போட்டால் பாக்டீரியா தின்றுவிடும். அதனால் லேபில் ஐபிடிஜி என்கிற போலி சர்க்கரையைப் போடுவார்கள். பூட்டைத் திறக்கும், ஆனா செரிக்காது. 1986-ல் ஸ்டடியரும் மோஃபட்டும் டி7 வைரஸின் ஆர்என்ஏ பாலிமரேஸை இந்த சுவிட்சுக்குப் பின்னால் வைத்தார்கள். ஐபிடிஜி போட்டால் அந்த என்சைம் உருவாகும், நமக்கு வேண்டிய ஜீனை அது வெறித்தனமாகப் படிக்கும். உலகம் பூரா லேபுகளில் இதுதான் பழக்கமானது. சிக்கல், ஐபிடிஜி விலை.

இங்கேதான் நம்ம பாடப்புத்தகம் சொல்லாத பக்கம். ஹைதராபாத் சிசிஎம்பியில் ஜே. கௌரிசங்கர், புரோயூ என்கிற இன்னொரு சுவிட்சை ஆராய்ந்து வந்தார். இது உப்புக்குத் திறக்கும். நம்ம கிருஷ்ணகிரி மாங்காயை உப்பில் போட்டால் தண்ணி விட்டு சுருங்குதே, செல்லுக்கும் அதே கதிதான். தப்பிக்க அது பீட்டெய்ன், புரோலின் போன்றவற்றை உள்ளே இழுக்கும். அந்தப் பம்பைச் செய்யும் ஜீன்கள்தான் புரோயூ. 1997-ல் அவரும் பண்டாரியும் டி7 என்சைமை அந்த சுவிட்சுக்குப் பின்னால் ஒரே ஒரு பிரதியாக குரோமோசோமில் வைத்தார்கள். ஸ்ட்ரெயின் பெயர் ஜிஜே1158. வேண்டிய புரதம் வர என்ன போடணும்? சோடியம் குளோரைடு. ஊறுகாய்க்குப் போடுற அதே சரக்கு.

விலையை விட எனக்குப் பிடிச்சது இன்னொன்று. அளவுக்கு மீறிச் செய்த புரதம் செல்லுக்குள் கட்டி கட்டியாக உறைந்து, வேலைக்கு ஆகாமல் போகும். ஜிஜே1158-ல் அந்தத் தொல்லை குறைந்ததாகக் கட்டுரையே சொல்கிறது.

ஒரே கஷ்டம், வழக்கமான எல்பி ஊடகத்திலேயே லிட்டருக்கு 10 கிராம் வரை உப்பு இருக்கும். அதிலேயே சுவிட்சு அரைகுறையாகத் திறந்துடும். அதனால் முதலில் உப்பில்லாத ஊடகத்தில் வளர்த்து, பிறகு லிட்டருக்கு சுமார் 17.5 கிராம் உப்பு சேர்க்கணும். புதுசா லேபுக்கு வர்ற பையன் பழக்க தோஷத்தில் சாதா எல்பியை எடுத்துட்டான்னா போச்சு.

அம்மாகிட்ட இதைச் சொன்னதும், "சர்க்கரையை விட உப்பே தேவலாமா?"ன்னாங்க. எல்லா இடத்திலும் இல்லம்மா. ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற பயோகான் 2004-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்சுலின் ஈஸ்ட்டில் செய்தது. அந்த ஈஸ்ட்டுக்கு சுவிட்சு மெத்தனால். அந்தக் கதை அடுத்த வாரம்.